பேகலும் காப்பியும்: தினமும் காலையில் சாப்பிடலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 46. நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ரயில் ஏறுவதற்கு முன், பேகல் என்னும் வட்ட ரொட்டி விற்கும், பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு கடையில் காலை உணவை முடித்துக்கொள்கிறேன். சினமன் ரெய்சின் பேகல், தேனும் வால்நட்டும் கலந்த கிரீம் சீஸ், பெரிய வெனிலா லாட்டே ஆகியவை என் வழக்கம். பத்தரை மணிக்குக் கண்ணைச் சொக்குகிறது, பதினொரு மணிக்கே பசிக்கிறது. அண்மைப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.0 வந்துள்ளது. முட்டை சாப்பிடுவேன், மீன், இறைச்சி பழக்கமில்லை. தைராய்டு மாத்திரையை அந்தக் காப்பியோடுதான் விழுங்குகிறேன். பேகலை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் பேகலைப் பற்றிப் பேசுவதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை விஷயத்தைச் சரிசெய்துவிடுவோம். தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரையைக் குடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதைக் காப்பி தடுக்கிறது. லாட்டேயில் இருக்கும் பாலின் கால்சியமும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே எழுந்தவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், இயன்றால் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியைத் தொடுங்கள். இந்த மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுவதும் அவசியம். ஏனெனில் உறிஞ்சப்படும் அளவு கூடினால், ஆறு முதல் எட்டு வாரங்களில் இரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்து மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இனி பேகல். வட்டமாக, நடுவில் துளையோடு இருப்பதால் அதை ஏதோ மெதுவடையின் உறவு என்று எண்ணிக்கொண்டு, ஒன்றுதானே என்று சாப்பிட்டுவிடுகிறோம். போலந்து நாட்டு யூதர்களிடையே பிறந்து, அவர்களோடு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த இந்த ரொட்டியின் தனித்தன்மை, அடுப்பில் சுடுவதற்கு முன் அதைக் கொதிநீரில் போட்டு எடுப்பதில் இருக்கிறது. கொதிநீரில் விழுந்ததும் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து வெந்து இறுகி ஒரு தோல்போலப் படிந்துவிடுவதால், அடுப்புக்குள் போன பிறகு மாவு சாதாரண ரொட்டியைப்போல உப்பி எழ முடிவதில்லை. பற்களுக்கு வேலை வைக்கும் அந்த இறுக்கத்துக்கும், கைக்குள் அடங்கும் உருவத்துக்குள் அவ்வளவு மாவு அடைந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். ஒருமுறை ஒரு பேகலை வாங்கி வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 112 கிராம் காட்டியது. கடையில் விற்கும் வழக்கமான ரொட்டித் துண்டு ஒன்று ஏறத்தாழ 28 கிராம்தான். அதாவது என் கையில் இருந்தது நான்கு துண்டு ரொட்டி.

முன்பு இவ்வளவு பெரிதாகவும் இருந்ததில்லை. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் மக்களுக்காக வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முந்தைய பேகல் 3 அங்குல விட்டமும் 140 கலோரியும், அப்போதைய பேகல் 6 அங்குல விட்டமும் 350 கலோரியும் கொண்டவை என்று காட்டியிருந்தது.

உங்கள் தட்டுக்கு வருவோம். சாதாரண பேகல் ஒன்றில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்; சர்க்கரையும் இதில் அடக்கம்) 55 கிராம் அளவில் இருக்கும்; உலர்திராட்சை சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். தேன் கலந்த கிரீம் சீஸில் சில கிராம், பெரிய வெனிலா லாட்டேயில் பாலின் இயல்பான சர்க்கரையும் சிரப்பும் சேர்ந்து 35 கிராமுக்குக் குறையாமல். எல்லாம் கூட்டினால் 100 கிராமை எட்டிவிடுகிறது. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் என்று வைத்துக்கொண்டால், சாம்பாரின் பருப்புகூட இல்லாமல் எட்டு இட்லி சாப்பிட்ட கணக்கு. நார்ச்சத்தும் புரதமும் குறைந்த இந்த மாவுச்சத்து விரைவாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. அதை அடக்க இன்சுலின் பெருமளவில் சுரந்து, சர்க்கரை மறுபடி இறங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் உங்களுக்குச் சோர்வும் பசியும் வருகின்றன. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதால், இந்த ஏற்ற இறக்கத்தை இப்போதே தணிப்பது நல்லது.

செய்ய வேண்டியது இதுதான்: பாதி பேகல், இரண்டு முட்டை, சர்க்கரை சேர்க்காத சிறிய லாட்டே. பாதி பேகலில் 27 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 12 கிராம் என்று மாவுச்சத்து 40 கிராம் அளவில் நின்றுவிடும். புரதமோ 25 கிராமை நெருங்கும். முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பேகலுக்கு வருவது இன்னும் நல்லது. மீதிப் பாதியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அங்கே ரொட்டி விரைவில் விறைத்துப் போகும். உறைபெட்டியில் வைத்து, மறுநாள் நேராக டோஸ்டரில் போடுங்கள். சில கடைகளில் கேட்டால் பேகலின் உள்மாவைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தருவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, பேகலின் சுகமே அந்த இறுகிய நடுப்பகுதிதான்.

ஷ்மியர் என்று அங்கே சொல்லப்படும் கிரீம் சீஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் அகலக் கத்தியால் ஒரே இழுப்பில் பூசுவதைக் கவனித்திருப்பீர்கள்; அது விரல் தடிமனுக்கு நிற்கும். 28 கிராம் கிரீம் சீஸில் 100 கலோரியும் 10 கிராம் கொழுப்பும் இருக்கின்றன, புரதம் 2 கிராம்தான். பெயரில் சீஸ் இருப்பதால் அதைப் புரத உணவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்கறி கலந்த வகையை மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம்.

பேகலில் எள், வெங்காயம், பூண்டு, கசகசா தூவிய ‘எவ்ரிதிங்’ வகை உலர்திராட்சை வகையைவிட உங்களுக்கு ஏற்றது. ஒரே எச்சரிக்கை: அலுவலகத்தில் போதைப்பொருள் சோதனை இருக்குமானால் அதற்கு முந்தைய நாள்களில் கசகசாவைத் தவிர்த்துவிடுங்கள், சோதனை முடிவைக் குழப்பக்கூடியது அது. ‘ஹனி வீட்’ என்ற பெயரை மட்டும் நம்பி முழுக்கோதுமை என்று முடிவு செய்யாமல், நார்ச்சத்து எத்தனை கிராம் என்று கேளுங்கள். ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் நடத்தும் கடைகள் விலைப்பலகையிலேயே கலோரியைக் காட்ட வேண்டும் என்பது 2018 மே முதல் அமெரிக்காவில் விதி. மாவுச்சத்து, சோடியம், நார்ச்சத்து ஆகிய விவரங்களையும் கேட்பவருக்கு எழுத்தில் தரவேண்டும். பலகையில் பேகலுக்கு ஓர் எண்ணும் ஷ்மியருக்கு வேறோர் எண்ணும் தனித்தனியே இருந்தால், கூட்டிப் பார்ப்பது நம் பொறுப்பு.

காப்பி அளவைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபின் பொதுவாகத் தீங்கில்லை. காலையில் ஒரு லாட்டே குடிப்பவருக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இது உங்கள் உடலுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். விரல்நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு நாள் பழைய வழக்கப்படியும் மறுநாள் மேலே சொன்னபடியும் சாப்பிட்டு, முதல் வாய் உண்டதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து, இரண்டு எண்களையும் தேதியோடு குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது காட்டுங்கள்.