படம் பார்த்து வெட்டினேன் என்றால் கோர்ட் விட்டுவிடுமா?

நான் வக்கீல், கிரிமினல் கேஸ்தான் என் பிழைப்பு. பட்டா, விவாகரத்து கேட்காதீர்கள்.

கே: 'சினிமா பார்த்துக் கெட்டுட்டேன்'னு சொன்னா தண்டனை குறையுமா சார்?

ப: சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 1977-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 15 வயதுப் பையன் ஒருவன் திருடப் போன இடத்தில், பக்கத்து வீட்டு 82 வயதுக் கிழவியைச் சுட்டுக் கொன்றான். டிவி பார்த்துப் பார்த்தே புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் வக்கீல் வாதாடினார். ஜூரி ஏற்கவில்லை, ஆயுள் தண்டனை. அந்த விசாரணையையே டிவியில் காட்டியதுதான் வேடிக்கை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நம் நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் விலக்கு கிடைக்க வேண்டுமானால், செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ புரியாத அளவுக்கு அந்த நேரத்தில் மனநலம் கெட்டிருக்க வேண்டும். முகத்தில் கர்சீப் கட்டி, கேமரா இல்லாத சந்தாகப் பார்த்து வெட்டிவிட்டு, அரிவாளைக் கிணற்றில் போட்டவனுக்குத் தப்பென்று தெரியாது என்று எந்த ஜட்ஜிடம் போய்ச் சொல்வேன்? 'அந்த சீனைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்' என்றால் இன்னும் மோசம். திட்டம் போட்டதை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கே: ரீல்ஸ் பாதிப்புன்னு சொல்லி ஜாமீன் கேக்கலாமா?

ப: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலையே படியுங்கள்.

கே: தம்பி பட்டாக்கத்தியால கேக் வெட்டி வீடியோ போட்டுட்டான். ஸ்டேஷன்ல கூப்பிடுறாங்க. அழிச்சிடட்டுமா?

ப: அழிக்காதீர்கள். கத்தி ஒரு கேஸ் என்றால், சாட்சியத்தை அழித்தது இன்னொரு கேஸ். வக்கீலோடு போகச் சொல்லுங்கள்.

கே: போதைக்கு விலக்கு இருக்கே, பட போதைக்கு மட்டும் ஏன் இல்ல?

ப: இது கேள்வி! 23-ஆம் பிரிவு, தெரியாமலோ விருப்பமில்லாமலோ போதை ஏற்றப்பட்டவனுக்குத்தான். தானாகக் குடித்தவனுக்குக் கிடையாது. விடியற்காலைக் காட்சிக்கு வரிசையில் நின்றவனைக் கட்டிப்போட்டா படம் காட்டினார்கள்?

கே: அப்போ படம் எடுத்தவன் கோடி கோடியா சம்பாதிப்பான், எங்க பசங்க மட்டும் உள்ளே போகணுமா?

ப: ஆத்திரம் புரிகிறது. ஆனால் உடந்தை என்று சொல்ல, இந்தக் குற்றத்தைச் செய்யத் தூண்டியதைக் காட்ட வேண்டும். அந்த ஃப்ளோரிடா பையனும் பெற்றோரும் டிவி கம்பெனிகள் மேல் போட்ட வழக்கு 1979-ல் தள்ளுபடியானது. இங்கே 2023-ல் சினிமாச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்று தரும் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். கைக்குழந்தையோடு 'ஏ' படத்துக்கு வரும் அப்பாவை என்ன செய்வது?

கே: நான் அப்படிப்பட்ட அப்பா இல்ல சார். பையனுக்கு 16 தான் ஆகுது.

ப: மன்னியுங்கள், பொதுவாகச் சொன்னேன். 18-க்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம். 16 தாண்டியவன் கொடிய குற்றம் செய்திருந்தால், விளைவு புரிந்து செய்தானா, எந்தச் சூழலில் செய்தான் என்று பார்ப்பார்கள். அவன் என்ன பார்த்து வளர்ந்தான் என்பதை அங்கே சொல்லுங்கள். செல்போனை அப்படியே வைத்திருங்கள்.

கே: நேத்தே ஃபார்மட் பண்ணிட்டோமே சார்.

ப: அதையாவது உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.