டயாந்தஸ் அழுகுவது ஏன்?

கேள்வி: டயாந்தஸ் செடி நன்றாகத் தழைக்கிறது, பூ குறைவு. இப்போது அடித்தண்டும் கறுத்து அழுகுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும், எருவை நிறுத்துங்கள். தினம் 6 மணி நேர வெயில் கட்டாயம். அழுகலுக்குக் காரணம் ஈரம். வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) மண்ணுக்குள் புதைந்திருந்தாலோ, மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) தண்டை ஒட்டிக் கிடந்தாலோ இப்படித்தான் ஆகும், விலக்கிவிடுங்கள். விரலை 2 செ.மீ. விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

கறுத்த செடி பிழைப்பது அரிது. அதில் பூக்காத, நோயில்லாத கிளை இருந்தால் இன்றே 8 செ.மீ. நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளி, பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் 3–4 வாரத்தில் வேர்விடும். புதுச்செடி வாங்கும்போது மணமும் வேண்டுமென்றால் பூவை முகர்ந்து வாங்குங்கள்: சீன டயாந்தஸில் கிராம்பு மணம் அநேகமாக இருக்காது.