சூரியனை அளக்க ஒரு நீளம் போதாது

ஐயா, வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பு அளவீட்டியல் பாடத்துக்காக, மாணவர்களோடு சேர்ந்து ஊசித்துளை வைத்துச் சூரியனின் விட்டத்தை அளந்தோம். அட்டையில் ஆணியால் துளை, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாள். பிம்பம் 11.5 மி.மீ. வந்தது. சூரியன் 14.96 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் விட்டம் 17.2 லட்சம் கி.மீ. என்று வருகிறது. புத்தகத்தில் 13.92 லட்சம். துளைதான் பெரிதாகிவிட்டதோ என்று குண்டூசியால் சின்னதாகக் குத்திப் பார்த்தோம். பிம்பம் மங்கி, விளிம்பே பிடிபடவில்லை. "சோதனைப் பிழை" என்று சொல்லி முடிக்க மனம் வரவில்லை. எங்கே தவறு?

இயற்பியல் ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அப்படிச் சொல்லி முடிக்காமல் விட்டீர்களே, அதற்கே நன்றி. உங்கள் மாணவர்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். அந்த 11.5 மி.மீட்டரில் சூரியனோடு துளையும் சேர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

துளையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மீட்டர் தள்ளியுள்ள தாளில் 9.3 மி.மீ. அகல வட்டம் ஒன்றைப் போடுகிறது. இடது ஓரம் போடும் வட்டமும் வலது ஓரம் போடும் வட்டமும் துளையின் அகலத்துக்குத் தள்ளித் தள்ளி விழும். ஆகவே மொத்தம் 9.3 கூட்டல் துளை. ஆணித் துளை 2 மி.மீட்டருக்குச் சற்று மேல் இருந்திருக்கும். குண்டூசித் துளையில் சிக்கல் வேறு. 0.3 மி.மீ. துளை வழியே வரும் ஒளி, விளிம்பு விளைவால் (சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து விரிவது) ஒரு மீட்டரில் ஏறத்தாழ 4.5 மி.மீ. பரவிவிடும். பிம்பத்தில் பாதி! அதனால்தான் விளிம்பு கரைந்துபோனது.

துளையை ஒழிக்கப் பார்க்காதீர்கள், கணக்கில் கழியவிடுங்கள். நான்கு தூரங்களில் அளந்து, தூரத்துக்கு எதிராகப் பிம்ப விட்டத்தை வரைபடத்தாளில் குறியுங்கள். கோட்டின் சாய்வு சூரியனின் கோண விட்டம், அதாவது சூரியன் நம் கண்ணில் அடைக்கும் கோணம், ரேடியன் என்ற கோண அலகில். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் (வெட்டுத்துண்டு) துளையின் அளவு. கண் விளிம்பைக் கொஞ்சம் உள்ளே எடுத்தாலும் வெளியே எடுத்தாலும் பரவாயில்லை. எல்லாத் தூரத்திலும் ஒரே மாதிரி எடுத்தால் அந்தப் பிழை வெட்டுத்துண்டில் போய்ச் சேரும், சாய்வைத் தொடாது.

இதற்கு ஒரு மீட்டர் போதாது. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டின் மேல் கறுப்புத்தாள் ஒட்டுங்கள். ஒட்டும் முன் தாளில் ஆபீஸ் பஞ்ச் மெஷினால் ஒரு துளை போடுங்கள், சுமார் 6 மி.மீ. வரும். வெயிலில் வைத்து, இருட்டான வகுப்பறைக்குள்ளோ நடைக்கூடத்துக்குள்ளோ ஒளியைத் திருப்புங்கள். 5 மீட்டரில் 52.5 மி.மீ., 10 மீட்டரில் 99, 15 மீட்டரில் 145.5, 20 மீட்டரில் 192 என்பதை ஒட்டி வர வேண்டும். இதன் சாய்வு 0.0093. சூரியனின் தூரத்தால் பெருக்கினால் விட்டம் 13.9 லட்சம் கி.மீ.

கெடுப்பவை சில உண்டு. பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டாம், அது வளைந்திருக்கும், சாய்வே மாறிவிடும். கண்ணாடியைச் சூரியனுக்கு மிகச் சாய்வாக வைத்தால் வட்டத்துளை நீள்வட்டமாக வேலை செய்யும், அதனால் சூரியன் இருக்கும் திசையிலேயே உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். சுவர் சாய்ந்து நின்றாலும் பிம்பம் நீளும், ஒளிக்குச் செங்குத்தாக ஒரு அட்டையைப் பிடிப்பது மேல். சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது காற்று அதைத் தட்டையாக்கிக் காட்டும், காலை எட்டரைக்கு மேல் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது அவசரமின்மை. 20 மீட்டரில் பிம்பம் வினாடிக்கு ஏறத்தாழ 1.4 மி.மீ. நகர்கிறது. ஒரு மாணவன் இடது விளிம்பில் கோடு போட்டுவிட்டு நிதானமாக வலது விளிம்புக்கு வந்தால், பத்து வினாடியில் 14 மி.மீ. போய்விடும். இருவர் எதிரெதிர் விளிம்பில் நின்று, "இப்போ" என்றதும் ஒன்றாகக் குறிக்க வேண்டும்.

யாரும் ஒளிப்பாதையில் நின்று கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. அங்கே தெரிவது முழுச் சூரியன். இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் மறைக்காதீர்கள். நீங்கள் உண்மையில் அளப்பது ஒரு விகிதம் மட்டுமே: விட்டம், தூரத்தில் ஏறத்தாழ 107இல் ஒரு பங்கு. அந்தத் தூரம் இடமாறு தோற்றத்தாலும் (வேறு வேறு இடத்திலிருந்து பார்க்கும்போது பொருள் இடம் மாறித் தெரிவது), 1961இல் வெள்ளிக்கோளில் ரேடார் அலையை மோதித் திரும்பவைத்த அளவீடுகளாலும் கிடைத்தது.

இதே கண்ணாடியைப் பத்திரப்படுத்தி, ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலை முதல் வாரத்திலும் அளக்கச் சொல்லுங்கள். மார்கழிக் குளிரில் சூரியன் நமக்கு மிக அருகில், 14.71 கோடி கி.மீ. ஜூலையில் 15.21 கோடி. சாய்வு 0.00946இலிருந்து 0.00915 ஆகக் குறையும், 20 மீட்டரில் 6 மி.மீ. வித்தியாசம். கவனமாக அளந்தால் பிடித்துவிடலாம். "அருகில் வருவதால்தான் கோடை" என்று நம்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஜூலையில் மேகம் மூடினால் ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. அந்த நாட்களில் தூரம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது.