பத்து கிலோமீட்டர், மேல்காற்று, வாரத்துக்கு இரண்டு பஞ்சர்

கேள்வி: சூலூரிலிருந்து சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போறனுங்க. ஒரு வழி பத்து கிலோமீட்டர் வரும். பெட்ரோல் கட்டுபடியாகலீன்னு மூணு வாரமா அப்பாவோட பழைய 28 இஞ்ச் சைக்கிள்ல போயிட்டு வர்றேன். வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். மத்தியானத்துக்கு மேல முட்டியோட முன்பக்கம் வலிக்குது. ஆடிக் காத்து வேற, காலைல எதுத்து மிதிக்கறதுக்குள்ள உசுரு போகுதுங்க. கியர் சைக்கிள் வாங்கிட்டா இதெல்லாம் சரியாயிருமுங்களா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முட்டி வலி பெரும்பாலும் சீட் உயரத்தின் கோளாறு. பஞ்சர் டயரின் கோளாறு, காற்றழுத்தத்தின் கோளாறு. இரண்டையும் சரிசெய்யாமல் புது வண்டி எடுத்தால் அதே வலி, அதே பஞ்சர் கூடவே வரும். எதிர்காற்றுக்கு மட்டும் கியர் உண்மையிலேயே உதவும். ஆனால் அதற்கும் பழைய வண்டியிலேயே சில நூறு ரூபாயில் ஒரு வழி இருக்கிறது.

முட்டியை முதலில் பார்ப்போம். சிக்னலில் இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகவே முக்கால்வாசிப் பேர் சீட்டை இறக்கி வைத்திருக்கிறார்கள். சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த நிலையில்தான் அழுத்தி மிதிக்கவும் செய்கிறோம். முட்டிச்சில்லு தொடையெலும்பின்மேல் நசுங்கி, வலி முன்பக்கமாக வருகிறது. உங்கள் வலியும் முன்பக்கம்தான் என்பதால் முதல் சந்தேகம் சீட்மேல்தான்.

சரியான உயரத்தை வீட்டிலேயே பிடிக்கலாம். சுவரில் ஒரு கையை ஊன்றி, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே செருப்போ ஷூவோ அணிந்து ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடல்மேல் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு பக்கவாட்டில் சரியக்கூடாது. இந்த உயரத்தில் பாதத்தின் முன்பகுதியைப் பெடல்மேல் வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு தானாகவே கிடைக்கும். அப்படித்தான் மிதிக்கவும் வேண்டும். உள்ளங்காலின் நடுவை வைத்து மிதிப்பது நம்மூரில் பரவலாக இருக்கும் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். சீட்டை ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு நாளுக்கு அரை சென்டிமீட்டர் வீதம் ஏற்றுங்கள். சீட் கம்பி ஃபிரேமுக்குள் குறைந்தது இரண்டரை அங்குலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் கம்பி வளையும் அல்லது ஃபிரேம் விரிசல் விடும். உயர்த்தியபின் வலி முட்டிக்குப் பின்னால் போனால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் இறக்குங்கள். நிற்கும்போது கால்விரல் மட்டும்தான் தரையில் படும். சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் அது ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

பழைய வண்டி என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் "கடக்" என்று சத்தம் வந்தால் கிராங்க்கின் காட்டர் பின், அதாவது பெடல் தண்டை நடு அச்சோடு இறுக்கும் ஆப்பு, தேய்ந்திருக்கிறது. அது தேய்ந்தால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, ஒரு காலுக்கு மட்டும் வேலை கோணலாகும். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் சத்தம் நிற்கும், ஆனால் நாலு நாளில் திரும்பிவிடும். புதுப் பின் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இறங்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் செய்து இரண்டு வாரம் கழித்தும் வலி குறையாவிட்டாலோ, முட்டி வீங்கினாலோ சைக்கிள் கடையை விட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

பஞ்சருக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டு என்பது துரதிர்ஷ்டமல்ல, ஒரே காரணம் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. டியூபில் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் கடையில் ஒட்டும்போது பேப்பர் படித்துக்கொண்டிருக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

டியூபின் வெளிப்பக்கம், அதாவது தரையை நோக்கிய பக்கம் ஒரே ஒரு பொட்டு ஓட்டை என்றால் முள்ளோ கம்பியோ குத்தியிருக்கிறது. பக்கம் பக்கமாக இரண்டு நீள ஓட்டை, பாம்பு கொத்தியது போல இருந்தால் எதுவும் குத்தவில்லை. காற்றுக் குறைவான டயர் குழியில் இறங்கியபோது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. ஓட்டை உள்பக்கம், ரிம்மை ஒட்டிய பக்கம் என்றால் போக்ஸ் கம்பியின் முனை துருத்திக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டை நைந்துவிட்டது. முனையை அரத்தால் ராவிவிட்டுப் புதுப் பட்டை போட்டால் ஒழிந்தது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டி டயர் ரிம்மில் வழுக்கி நகர்ந்திருக்கிறது. அங்கே ஒட்டு நிற்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் விஷயத்தில் முதல் வகைதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறோம். காரணம் நீங்கள் வேலை செய்யும் இடம். லேத்தில் விழும் பிசிறும் சுருளும் பட்டறை வாசல்வரை செருப்போடு வரும். வண்டியைப் பிசிறு கொட்டும் மூலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சாயங்காலம் கிளம்பும் முதல் சுற்றிலேயே டயர் அதைக் கவ்விக்கொள்ளும். மண் பாதை என்றால் சீமைக் கருவேல முள், மழைக்குப் பின் நெருஞ்சி. திருச்சி ரோட்டில் வேறொன்று: லாரி டயர் வெடித்த இடங்களில் அதனுள் இருக்கும் மயிரிழைக் கம்பிகள் சிதறிக் கிடக்கும். கண்ணுக்கே தெரியாது. ஓடும் வண்டிகள் தள்ளிவிடும் குப்பையெல்லாம் ரோட்டின் ஓரத்து ஒரு அடிக்குள்தான் சேர்கிறது. பயந்துகொண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணோடு ஒட்டி ஓட்டுபவருக்குத்தான் பஞ்சர் அதிகம். இரண்டு மூன்று அடி உள்ளே, ஒரே நேர்கோட்டில் ஓட்டுவது டயருக்கும் நல்லது. பின்னால் வரும் பஸ்காரருக்கும் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரியும்.

ஒட்டும்போது பலர் விடும் தப்பு, டயருக்குள் தேடாமல் டியூபை மட்டும் ஒட்டிப் போடுவது. குத்தியது உள்ளேயே நின்றால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி. டயரின் உட்புறத்தை விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டு எடுத்து உள்ளே சுற்றித் துடையுங்கள். முள்ளோ கம்பியோ இருந்தால் நூல் அதில் மாட்டி நிற்கும். மெல்லிய கம்பியைக் கொறடால்தான் பிடுங்க முடியும். ஒட்டும் இடத்தை ஒட்டுத்துண்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்தபின்தான் துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு வைப்பதுதான் ஒட்டு பிரிவதற்கு முதல் காரணம்.

ஓட்டையே இல்லாமல் ராத்திரியில் காற்று இறங்குகிறதா? உங்கள் வண்டியில் பழைய வகை வால்வு இருக்கும். அதற்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய், கடையில் வால் டியூப் என்பார்கள், வெயிலில் வெடித்துப்போகும். வால்வின்மேல் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழ் வந்தால் அதுதான். புதுசு சில ரூபாய்தான், சட்டைப்பையிலேயே இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

காற்றின் அளவு: 70 கிலோ ஆளுக்கு 28க்கு ஒன்றரை டயரில் பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ சுமாராகச் சரி. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். பழைய வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது. அதனால் கைக்கணக்கு: நீங்கள் ஏறி உட்கார்ந்தபின் பின் டயர் தரையில் லேசாகப் பிதுங்கலாம், சப்பையாகக்கூடாது. நல்ல டியூபிலும் காற்று மெல்ல இறங்கும், எனவே வாரம் ஒருமுறை அடித்தே ஆக வேண்டும். டயரில் நூல் தெரிந்தாலோ, நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருந்தாலோ ஒட்டுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டுப் பின் டயரையாவது மாற்றுங்கள். எடையில் பெரும்பகுதி அதன்மேல்தான்.

இனி காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். நீங்கள் காலையில் மேற்கே போகிறீர்கள், நேராக அதன் முகத்துக்கு.

காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் உடம்பில் படுவது 30. வேகம் இரு மடங்கு, தடை நாலு மடங்கு. அதே 15ஐப் பிடித்தே தீருவேன் என்று மல்லுக்கட்டினால் காற்றைக் கிழிக்க மட்டும் நாலு மடங்கு உழைப்பு. 12க்கு இறங்கினால் அது சுமார் 2.6 மடங்காகக் குறைகிறது. பத்து கிலோமீட்டருக்கு 40 நிமிடம் ஆவது 50 ஆகும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தை முன்கூட்டிக் கிளம்பி ஈடுகட்டுங்கள். வெள்ளெனவே கிளம்பினால் காற்றும் பெரும்பாலும் தணிந்திருக்கும். வெயில் ஏற ஏறத்தான் அதற்கு வேகம் பிடிக்கும். பொழுதோடு திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். எதிர்த்திசையில் பணிக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், அவர்களுக்குச் சாயங்காலம்தான் சிரமம்.

பொத்தான் போடாத சட்டையும் படபடக்கும் துண்டும் பாய்மரம் போல இழுக்கும். முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக் குனிந்தாலே வித்தியாசம் தெரியும். லாரி முந்தும்போது அது ஒரு கணம் காற்றை மறைத்து, கடந்ததும் பக்கவாட்டில் அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஹேண்டில்பார் ஆடும். இறுக்கிப் பிடிக்காமல், ஆனால் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

பழைய வண்டியிலேயே வழி என்று சொன்னது ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை. உங்கள் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்). பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். பின்னால் 20 பல் போட்டால் 4.8 மீட்டர், 22 என்றால் 4.4. தூரம் குறைகிறது, ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய அழுத்தமும் அதே விகிதத்தில் குறைகிறது. முட்டிக்கும் இதில் பங்குண்டு: மெதுவாக, பலமாக மிதிப்பதைவிட வேகமாக, லேசாக மிதிப்பதே அதற்கு இதம். 20க்கு மாறினால் பின்சக்கரத்தைக் கால் அங்குலம் முன்னே தள்ளினால் செயின் சரியாக வரும். அதற்கு இடமில்லாவிட்டால் செயினைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். காற்றில்லாத மார்கழியில் கால் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அது ஒரு குறையல்ல.

ஃப்ரீவீல் மாற்றும்போதே செயினையும் அளந்துவிடுங்கள். ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 24வது பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் தாண்டியிருந்தால் செயின் தீர்ந்தது. புது ஃப்ரீவீலைப் பழைய செயினோடு சேர்த்தால் அதையும் தின்றுவிடும். பட்டறையில் சும்மா கிடைக்கிறது என்று வேஸ்ட் ஆயிலை ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் இரும்புத்தூளே செயினை அரைக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நல்ல எஞ்சின் ஆயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுவது, போதும்.

பிரேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஐப்பசி மழை வருவதற்குள் பார்த்துவிடுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். முன் பிரேக் பிடித்தால் கவிழும் என்று அதைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். இருட்டித் திரும்புவதாக இருந்தால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் ஓட்டியபின்னும் கியர் வண்டி ஆசை போகவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். அப்போது முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்தது, பட்டன் பட்டனாகக் கொழுத்த டயர் போட்டது பக்கம் போக வேண்டாம். தார் ரோட்டில் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அவை தின்றுவிடும். 700க்கு 35 அல்லது 38 என்று அச்சிட்ட டயர் (இரண்டாவது எண் மில்லிமீட்டரில் அகலம்), ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க், மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளை உள்ள ஃபிரேம். சாப்பாட்டுத் தூக்கு முதுகில் இல்லாமல் கேரியரில் போனால் சட்டை பாதி வியர்வையில் நனையாமல் தப்பிக்கும். கடைக்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க என்று கிழக்கே கைகாட்டினால், வண்டியை மேற்கே திருப்பி ஓட்டிப் பாருங்கள்.