கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்: கணினி வரைகலை வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆலயத் திருவிழா அழைப்பிதழுக்காக லீலி மலர் ஒன்றின் புகைப்படத்தை வண்ணக் கண்ணாடி யன்னல் போல மாற்ற விரும்பினேன். போட்டோஷொப்பில் உள்ள ஸ்டெயின்ட் கிளாஸ் ஃபில்டரைப் பயன்படுத்தியபோது, படம் முழுவதும் தேனடை போலச் சின்னஞ்சிறு கட்டங்களாகி, மலர் இருந்த இடமே தெரியாமற் போயிற்று. கட்டத்தின் அளவைக் குறிக்கும் செல் சைஸை உச்ச அளவுக்குக் கொண்டு சென்றும் பயனில்லை. அழைப்பிதழ் 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் கொண்டது. எங்கே பிழை விடுகிறேன்? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: பிழை உங்களுடையது அன்று. அந்த ஃபில்டர் படத்தை அடுத்தடுத்த சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்து, இடைக்கோடுகளை அவ்வேளையில் நீங்கள் தெரிவு செய்துள்ள முன்புற நிறத்தால் வரைகிறது. மலரின் இதழ் எங்கே முடிகிறது, தண்டு எங்கே தொடங்குகிறது என்பதை அது பார்ப்பதில்லை. அதன் செல் சைஸ் 50க்கு மேல் செல்லாது. அச்சுக்காக அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அமைத்தால் உங்கள் அழைப்பிதழ் 1500க்கு 2100 பிக்சல் ஆகிவிடும் என்பதால், அவ்வளவு பெரிய படத்தில் 50 என்பது பொடிக் கட்டமாகவே தெரியும். படத்தைச் சிறிதாக்கி ஃபில்டரை இட்டுப் பின்னர் பெரிதாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கோடுகள் மங்கிப் பிசிறடிக்கும். திருவிழா அழைப்பிதழுக்கு அது வேண்டாம். கோடுகளை உங்கள் கையாலேயே வரையுங்கள். ஒரு மாலைப்பொழுது செலவாகும். ஆனால் மலர் மலராகவே இருக்கும்.

வரைவதற்கு முன், உண்மையான வண்ணக் கண்ணாடி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடி உருகும் நிலையிலேயே உலோகச் சேர்மங்களைக் கலந்து நிறம் ஏற்றுகிறார்கள். ஆழ்ந்த நீலத்தைக் கொடுப்பது கோபால்ட். நிறமேறிய தகடுகளைத் துண்டுகளாக வெட்டி, இரு பக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டிகளில் செருகி, பட்டிகள் சந்திக்கும் இடங்களை ஈயப்பற்று வைத்து இணைக்கிறார்கள். ஆகவே, ஒரு நிறம் முடிந்து மற்றொரு நிறம் தொடங்கும் இடத்திலெல்லாம் பெரும்பாலும் ஒரு ஈயக் கோடு வரும். கண்ணாடியை உட்புறமாகக் கூர்ந்து குடைந்து வெட்ட முயன்றால் அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடிவிடும். அதனால் இதழின் நுனியிலும், இரண்டு இதழ்கள் சந்திக்கும் பிளவிலும் தொடங்கும் கோடு வெறும் வெளியில் நின்றுவிடாமல், பின்னணியைக் கடந்து சட்டம் வரை, அல்லது அடுத்த கோடு வரை ஓடியே தீரும். பார்ப்பவர் இதையெல்லாம் அறிந்திருக்க மாட்டார். ஆயினும், அந்தரத்தில் முடியும் ஒரு கோட்டைக் கண்டால், இது கண்ணாடி இல்லை என்று அவருடைய கண் உடனே சொல்லிவிடும்.

புகைப்படத்தின் மேல் ஒளிபுகும் தாள் போன்ற புதிய லேயர் ஒன்றைத் திறந்து, பென் டூலினாலோ பிரஷினாலோ இந்த முறைப்படி கோடுகளை இடுங்கள். 300 பிக்சல் கணக்கில் ஒரு மில்லிமீற்றர் ஏறத்தாழ 12 பிக்சல். உட்கோடுகளுக்கு அது போதும், வெளிச்சட்டத்துக்கு அதன் இரு மடங்கு வைக்கலாம். கோடுகள் முடிந்ததும், கோட்டு லேயரில், ஒத்த நிறப் பகுதியைத் தெரிவு செய்யும் மெஜிக் வோண்ட் கருவியினால் ஒரு துண்டின் உள்ளே சொடுக்குங்கள். முழுப் படமும் தெரிவாகிவிட்டால் எங்கோ ஒரு கோடு மூடப்படாமல் இருக்கிறது என்று பொருள். தெரிவான பகுதியை இரண்டு அல்லது மூன்று பிக்சல் விரித்துக்கொண்டு, கோடுகளுக்குக் கீழேயுள்ள வேறொரு லேயரில் நிறத்தை நிரப்புங்கள். விரிக்காமல் நிரப்பினால் கோட்டின் ஓரமெங்கும் மெல்லிய வெள்ளை இழை ஒன்று எஞ்சும். பலருடைய வேலை அச்சில் மலிவாகத் தெரிவதற்கு அந்த இழையே காரணம்.

நிரப்பும் நிறம் ஒருபோதும் ஒரே சீராக இருக்கக் கூடாது. ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களை முன்புற, பின்புற நிறங்களாக வைத்து, ரெண்டர் பிரிவில் உள்ள கிளவுட்ஸ் ஃபில்டரை இட்டால், கையால் செய்த கண்ணாடியில் காணும் திட்டுத்திட்டான நிறமாற்றம் கிடைக்கும். அதற்கு மேல் சிறிது மோஷன் பிளர் கொடுத்தால் திட்டுகள் கீற்றுகளாக நீளும். கீற்றின் திசையைத் துண்டுக்குத் துண்டு மாற்றுங்கள். தனித்தனியாக வெட்டிய துண்டுகள் என்ற உணர்வைத் தருவதில் இதற்கு இணையான சிறு வேலை வேறில்லை.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விடயம் வெளிச்சம். மே மாதத்தில் கொழும்பு வீதிகளில் தொங்கும் வெசாக் கூடுகளைப் பாருங்கள். மூங்கில் குச்சிச் சட்டமும் நிறத்தாளும் மட்டுமே கொண்ட அந்தக் கூடு பகலில் வெறும் தாளாக இருக்கிறது. இரவில் உள்ளே விளக்கு ஏற்றியதும் தாள் ஒளிர்கிறது, குச்சி கருங்கோடாக மாறுகிறது. வண்ணக் கண்ணாடியும் அதே விதியில்தான் வாழ்கிறது. எனவே, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரில், நடுவே வெள்ளையும் ஓரங்களில் கடுஞ்சாம்பலுமாக வட்டமாகப் பரவும் கிரேடியன்ட் ஒன்றை இட்டு, அது கீழுள்ள லேயர்களுடன் கலக்கும் முறையான பிளெண்டிங் மோடை சொஃப்ட் லைட்டாக மாற்றுங்கள். பின்னர் நிற லேயரின் பிரதி ஒன்றைக் கோடுகளுக்கும் மேலே கொண்டுவந்து, கோஷியன் பிளரினால் நன்றாக மங்கவைத்து, ஸ்க்ரீன் மோடில் மெல்லிய அளவில் கலந்துவிடுங்கள். ஒளி ஈயக் கோடுகளின் ஓரத்தைச் சற்றே விழுங்குவது போன்ற தோற்றம் வரும். ஒளிர்கிறது என்று கண்ணை நம்பவைப்பது அதுவே. கோடுகளுக்குப் பெவல் அன்ட் எம்பொஸ் என்ற புடைப்புத் தோற்றம் கொடுத்துப் பளபளக்கும் குழாய்கள் போல ஆக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது ஈயம் பளபளக்காது, நிழலுருவாகவே தெரியும்.

கேள்வி: என்னிடம் கிம்ப் என்ற வரைகலை மென்பொருள் மட்டுமே உள்ளது. அதில் இதைச் செய்ய முடியுமா? (மாணவர், தெமட்டகொடை)

பதில்: தாராளமாக முடியும். ஃபில்டர்ஸ் பட்டியலில் டிஸ்டோர்ட்ஸ் பிரிவில் மொசைக் என்றொன்று இருக்கிறது. சதுரம், அறுகோணம், முக்கோணம் என்று துண்டுகளின் வடிவத்தைத் தெரிவு செய்யலாம். பின்னணி நிரப்புவதற்கு அது உதவும், ஆனால் மேலே சொன்ன குறை அதற்கும் உண்டு. கையால் கோடு வரைபவர்களுக்கு கிம்ப் ஒரு தனி வசதியைத் தருகிறது. 2019இல் வெளிவந்த 2.10.10 பதிப்பிலிருந்து, நிறம் ஊற்றும் பக்கெட் ஃபில் கருவியில் கோட்டோவியத்தை அறிந்து நிரப்பும் தெரிவு ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. கோடுகளுக்கிடையே சிறு இடைவெளி விடுபட்டிருந்தாலும் அது அதை மூடியதாகவே கருதி நிரப்பும். நிறத்தைக் கோட்டின் அடிவரை கொண்டுசெல்லவும் செய்யும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் என்பதால் யாரும் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

கேள்வி: திரையில் கண்ணைப் பறித்த நீலம் அச்சில் மங்கி, ஊதா கலந்தாற்போல் வந்தது. அச்சகத்தின் தவறா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: பெரும்பாலும் இல்லை. திரை ஒளியைக் கொண்டு நிறம் காட்டுகிறது. அச்சு, தாளின் மேல் சயன், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு நிறம் காட்டுகிறது. திரையின் கடும் நீலமும் கடும் பச்சையும் அந்த நான்கு மைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அந்த நான்கு மைகளுக்கான சீஎம்வைகே முறைக்கு மாற்றும்போது மென்பொருள் அவற்றைக் கிட்டிய நிறத்துக்கு இறக்கிவிடுகிறது. அதற்காகத் தொடக்கத்திலேயே சீஎம்வைகேயில் வேலை செய்யவும் இயலாது. ஸ்டெயின்ட் கிளாஸ் உள்ளிட்ட ஃபில்டர் கலரியின் ஃபில்டர்கள் அந்த முறையில் இயங்குவதில்லை. திரைக்குரிய ஆர்ஜீபீ முறையில் வேலை செய்துகொண்டே, போட்டோஷொப்பில் Ctrl விசையையும் Y விசையையும் சேர்த்து அழுத்தி அச்சுத் தோற்றத்தை இடையிடையே பார்த்து வாருங்கள். நீலத்தில் மெஜென்டாவைக் குறைத்தால் ஊதாச் சாயல் விலகும். தாளில் பின்வெளிச்சம் கிடையாது என்பதால், ஒளிர வேண்டிய துண்டுகளின் நடுவில் தாளின் வெண்மை தெரியும் அளவுக்கு நிறத்தை இளக்கி, சுற்றியுள்ள துண்டுகளைக் கருமையாக்குங்கள். பக்கத்தில் இருள் இருந்தால்தான் தாளின் வெண்மை ஒளியாகத் தோன்றும். பளபளப்பான ஆர்ட் பேப்பரும் கைகொடுக்கும்.

கேள்வி: மகளின் பெயரைத் தமிழில் வண்ணக் கண்ணாடி எழுத்துகளாக அமைத்து, அவளுடைய அறையில் மாட்ட விரும்புகிறேன். எழுத்துகள் உடைந்து, கொம்பும் புள்ளியும் இடம் மாறி வருகின்றன. (தாய் ஒருவர், தெஹிவளை)

பதில்: இடம் மாறுவதற்குக் காரணம் மென்பொருளின் உரை அமைப்பு. உங்களிடம் இருப்பது போட்டோஷொப்பின் பழைய பதிப்பானால், பிரெஃபரன்ஸஸ் பகுதியில் டைப் என்பதற்குள் சென்று, தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கி, மென்பொருளை மூடித் திறந்து, புதிய உரை லேயரில் பெயரை யுனிகோட் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யுங்கள். நம் அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துருவில் இந்தச் சிக்கல் எழாது என்பதால், கையில் அது இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

அழகுக்கான சிக்கல் வேறு. தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்தின் உடலைத் தொடாமல் தனியே நிற்கிறது. கண்ணாடியில் அந்தப் புள்ளி ஒரு தனித் துண்டு. அதைத் தாங்க ஒரு கோடு வேண்டும். புள்ளியின் இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு கோட்டை நீட்டி, அடுத்த எழுத்தின் தலைக்கோட்டுடனோ மேற்சட்டத்துடனோ சேர்த்துவிடுங்கள். ணகரம், லகரம் போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் அகப்படும் சிறு வெளிகளை விட்டுவிடாமல் வேறொரு நிறத்தால் நிரப்புங்கள். நம் எழுத்துகளின் வளைவுகளும் சுழிகளும் இந்தக் கலைக்கென்றே அமைந்தவை போல வந்து பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடுகிறது. தடித்த எழுத்துருவைத் தெரிவு செய்யுங்கள்; மெல்லிய எழுத்தில் நிறத்துக்கு இடமிருக்காது.

கேள்வி: சுவாமி அறை யன்னலுக்கு இப்படியொரு படத்தை ஒளிபுகும் ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஒட்டலாம், இங்கே உங்களுக்கு உண்மையான பின்வெளிச்சமே கிடைத்துவிடுகிறது. ஆகவே, மேலே சொன்ன கிரேடியன்டையும் ஒளிர்வு லேயரையும் அணைத்துவிடுங்கள். சூரியன் அந்த வேலையைச் செய்யும். வெள்ளை மை இல்லாமல் அச்சிடும் ஸ்டிக்கரில் படத்தின் வெள்ளைப் பகுதிகள் வெறும் ஒளிபுகும் இடங்களாகவே வரும், மற்ற நிறங்களும் வெளிச்சத்தில் வெளிறும். அதனால் நிறங்களைத் திரையில் சற்று மிகையாகத் தோன்றும் அளவுக்கு அடர்த்தியாக்கி, முதலில் உள்ளங்கை அளவில் ஒரு துண்டை அச்சிட்டு, அந்த யன்னலிலேயே காலையிலும் மாலையிலும் பிடித்துப் பாருங்கள். உட்புறத்தில் ஒட்டி வெளியிலிருந்து பார்ப்பதாக இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தை இடவலமாகத் திருப்புங்கள். ஓம் என்ற எழுத்து படத்தில் இருந்தால் இதை இருமுறை சரிபாருங்கள்.