காதல் நாவலாசிரியரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? எழுத்துக்காகப் பயணம் போவார்களா?

எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் பிரிட்டனின் பார்பரா கார்ட்லேண்ட் (1901–2000). மொத்தம் 723 புத்தகங்கள், அவற்றில் பெரும்பாலானவை காதல் நாவல்கள். ஒரே ஆண்டில் 23 நாவல்கள் எழுதி கின்னஸ் சாதனையும் படைத்தவர்.

அவர் நாவல்களைக் கையால் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள கேம்ஃபீல்ட் பிளேஸ் வீட்டில் சோஃபாவில் சாய்ந்துகொள்வார். காலடியில் வெந்நீர்ப் பை, பக்கத்தில் நாய். கண்ணை மூடிக் கதையைச் சொல்லச் சொல்ல, செயலாளர் சுருக்கெழுத்தில் எடுப்பார். ஓர் அத்தியாயம் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. சொல்வது சுலபமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் வரலாற்று நூல்களைக் கட்டுக்கட்டாகப் படித்துவிடுவார். அந்தப் படிப்புதான் உண்மையான உழைப்பு என்பேன். அது இல்லாமல் அத்தனை சரளமாகச் சொல்ல வராது.

சரி, பயணம்? நிறையவே போனார். இந்தியா அவருக்கு மிகவும் பிடித்த நாடு; இங்கே நடக்கும் கதைகளும் எழுதியிருக்கிறார். இளம் வயதில் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களிலும் ஆர்வம் இருந்தது. 1931-இல் விமானத்தால் இழுத்துச் செல்லப்பட்ட கிளைடரில் தபால் கொண்டுபோகும் முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

மறைந்தபோது அச்சேறாத நாவல் பிரதிகள் மட்டும் 160 இருந்தன. அவற்றைப் பிறகு குடும்பத்தினர் வெளியிட்டார்கள்.