பிரிண்டர் எந்த மொழி பேசும்?

லினக்ஸ் கணினியில் அச்சிடுவது பற்றி வட ஆற்காட்டுப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை போடப் போகிறேன். கணினியில் லினக்ஸ் மின்ட். கலெக்டர் ஆபீஸ், கோர்ட் பக்கம் என்பதால் மனுவும் லீகல் தாள் வேலையும்தான் அதிகம் வரும். தெரிந்தவர் ஒருவர் பழைய ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டையும் மலிவாகத் தருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்?
— வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இரண்டுமே வேண்டாம். அச்சுத் தரத்தில் இரண்டும் நல்ல இயந்திரங்கள், டோனரும் எங்கும் கிடைக்கும். தொல்லை அவை பேசும் மொழியில் இருக்கிறது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து முடிக்கும் வேலையைத் தான் செய்யாமல் கணினி தலையில் கட்டிவிடும் ரகம் இவை. அதற்கென்றே உள்ள டிரைவர், அதாவது பிரிண்டர் மொழியில் பேசிக்கொடுக்கும் மென்பொருள், இல்லாவிட்டால் ஓர் எழுத்துகூட வராது.

1020 தன்னை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் ஹெச்பிலிப் என்ற தொகுப்பு இதைச் செய்யும். ஆனால் அதற்குக் கம்பெனியின் பிளகின் (துணை நிரல்) ஒன்றை இணையத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும். ஹெச்பிலிப்பும் பிளகினும் ஒரே பதிப்பு எண்ணில் இருந்தாக வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் ஒன்று மட்டும் முன்னேறிவிட்டால், நேற்று மாலை வரை ஓடிய பிரிண்டர் இன்று காலை வாய் திறக்காது. டெர்மினலில் ஹெச்பி-பிளகின் கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகும். ஆனால் கடையில் ஐந்து பேர் காத்திருக்கும்போது அதைச் செய்ய வேண்டியிருக்கும். எல்பிபி 2900 பேசுவது கேப்ட் என்ற மொழி. கம்பெனி தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும். புதிய 64 பிட் சிஸ்டத்தில் அதை நிற்க வைப்பதற்குள் பொழுது போய்விடும்.

புதிதாக வாங்கும்போது அட்டைப்பெட்டியில் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏர்பிரிண்ட் என்ற குறி. "அது ஆப்பிள் போனுக்கு சார்" என்பார் கடைக்காரர். போனுக்கும்தான். ஆனால் அதன் அடியில் ஓடுவது ஐபிபி என்ற பொது நெறிமுறை. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் பேசுவதும் அதையேதான். மாடல் விவரத்தில் போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் 6 என்ற பொதுவான பிரிண்டர் மொழிகள் இருந்தாலும் நம்பி எடுக்கலாம். வைஃபையை விட லேன் கேபிள் ஓட்டை உள்ளது கடைக்கு நல்லது. இருபுறமும் தானாக அச்சிடும் வசதி இருந்தால் தாள் செலவு பாதியாகும்.

லீகல் தாளைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். ட்ரே 14 அங்குல நீளத்தை ஏற்க வேண்டும். நம் ஊரில் எஃப்எஸ் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் 13 அங்குலம்தான், லீகல் 14. இரண்டையும் ஒன்றாக நினைத்து அச்சிட்டால் கடைசி இரண்டு வரி தாளுக்கு வெளியே போய்விடும். கையெழுத்து வர வேண்டிய இடமே அதுதான்.

இணைப்பது சுலபம். கேபிளைச் சொருகி, பிரிண்டர்ஸ் அமைப்பைத் திறந்தால் ஏர்பிரிண்ட் பிரிண்டர் தானாகவே பட்டியலில் நிற்கும். யுஎஸ்பியில் இணைத்தால் ஐபிபி-யுஎஸ்பி என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதல் வேலையாகத் தாள் அளவை ஏ4 ஆக்குங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவிய சிஸ்டம் லெட்டர் அளவையே எடுத்துக்கொள்ளும். ஏ4 தாள் வைத்த பிரிண்டர் லெட்டர் தாளுக்காக விளக்கைச் சிமிட்டியபடி காத்து நிற்கும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிப்போகிறவர்கள் உண்டு.

கேள்வி: கரன்ட் போய் வந்தால் பிரிண்டர் ஆன் ஆகிறது, ஆனால் கொடுத்த எதுவும் அச்சாவதில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை.
— வாசகி, ஆம்பூர்

பதில்: அச்சு நடுவில் கரன்ட் போனதும் கப்ஸ் அந்தப் பிரிண்டரின் வேலை வரிசையை நிறுத்திவிடும். கரன்ட் வந்தாலும் அது தானாகத் திறக்காது. கணினியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த நிலை அப்படியே நினைவில் இருக்கும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 631 என்று முகவரி கொடுங்கள். பிரிண்டர்ஸ் பக்கத்தில் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து ரிசூம் பிரிண்டர் கொடுத்தால் தேங்கியதெல்லாம் வரும். கடவுச்சொல் கேட்டு மறுத்தால், உங்கள் கணக்கு பிரிண்டர் அமைப்பை மாற்ற அனுமதி உள்ள எல்பிஅட்மின் குழுவில் இல்லை என்று அர்த்தம்.

இனி நடக்காமலிருக்க, அதே பக்கத்தில் செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ், பாலிசீஸ் என்று போய் எரர் பாலிசியை ரீட்ரை கரன்ட் ஜாப் என மாற்றுங்கள். பாதியில் நின்ற வேலை முதல் பக்கத்திலிருந்தே மறுபடி வரும், தாள் கொஞ்சம் வீணாகும். கரன்ட் போகிறதே என்று லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். உள்ளே டோனரை உருக்கும் சூடாக்கி வேலை தொடங்கும் நொடியில் பெரிய அளவில் மின்சாரம் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தாங்காது, கணினியும் சேர்ந்து அணையும்.

கேள்வி: ஆரணியில் அரிசி மண்டி. எப்சன் எல்எக்ஸ் 310 டாட் மேட்ரிக்ஸில் கார்பன் பில் அடிக்கிறோம். லினக்ஸுக்கு மாறிய பின் ஒரு பில் வர வெகுநேரம் ஆகிறது. ஒவ்வொரு பில்லுக்கும் தாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கிழிக்கும் கோடு மாறிவிடுகிறது.
— வாசகர், ஆரணி

பதில்: உங்கள் பில் இப்போது எழுத்தாகப் போகாமல் படமாகப் போகிறது. 9 ஊசியும் கோலப் புள்ளி வைப்பதுபோல ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி வரைகின்றன. பிரிண்டருக்குள்ளேயே எழுத்துகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தினால் வேகம் திரும்பிவிடும். பில்லைச் சாதா டெக்ஸ்ட் கோப்பாக உருவாக்கி, அச்சுக்கு அனுப்பும் எல்பி கட்டளையில் ரா (raw) என்ற ஆப்ஷன் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கப்ஸ் எதையும் மாற்றாமல் பைட்டுகளை (எழுத்துகளையும் கட்டளைகளையும் குறிக்கும் எண்களை) அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடும்.

அப்படி அனுப்பும்போது வரிகள் படிக்கட்டுபோல வலப்பக்கம் சரிந்துகொண்டே போகலாம். லினக்ஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் 10 என்ற ஒரே பைட்டை வைக்கிறது. தலை இடப்பக்கம் திரும்ப 13 என்ற பைட்டும் வேண்டும். யுனிக்ஸ்-டு-டாஸ் என்ற சிறு நிரலில் கோப்பை மாற்றிவிட்டு அனுப்பினால் நேராகிவிடும்.

தாள் நகர்வதற்குக் காரணம் பக்க நீளம். பிரிண்டர் மனதில் ஒரு நீளம், உங்கள் பில் தாளில் வேறு நீளம். 12 அங்குலத் தாளைப் பாதியாக்கிய 6 அங்குல பில் என்றால், அங்குலத்துக்கு 6 வரி வீதம் 36 வரி. கோப்பின் தொடக்கத்தில் 27, 64 என்ற பைட்டுகள் பழைய அமைப்பை அழிக்கும். அடுத்து 27, 67, 36 என்றால் "பக்கம் 36 வரி" என்று பொருள். கோப்பின் முடிவில் 12 என்ற பைட்டை வைத்தால் அடுத்த பில்லின் தலைக்குத் தாள் தானாகப் போய் நிற்கும். முதல் தாளை மட்டும் கையால் கோட்டுக்குச் சரியாக வைத்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். பட்டியல் அகலமாக இருந்தால் 15 என்ற பைட் எழுத்தை நெருக்கும், 80 எழுத்து வரியில் 137 அடங்கும். 18 அதை நிறுத்தும்.

இந்த வழியில் தமிழ் வராது, பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து இல்லை. மண்டியின் பெயரைத் தாளிலேயே முன்கூட்டி அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். ₹ குறியும் சம்பந்தமில்லாத எழுத்துகளாகத்தான் வரும்.

கேள்வி: டிடிபி சென்டரில் அடித்துத் தந்த தமிழ்க் கோப்பு என் லினக்ஸ் கணினியில் குப்பையாக அச்சாகிறது. பிரிண்டர் கோளாறா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை. குப்பை எந்த மாதிரி என்று பாருங்கள். வெறும் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போட்டால் போதும். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அங்கே தமிழ் என்பதே ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போட்ட வேடம்தான், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கேளுங்கள். பதித்திருக்கிறதா என்று பிடிஎஃப்-ஃபான்ட்ஸ் கட்டளை காட்டும். ஈஎம்பி என்ற பத்தியில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் யெஸ் (yes) என்று இருக்க வேண்டும். ஒன்றில் நோ என்று இருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.